போய் வந்த தட்டு

சித்தப்பா,

இன்று காலை அம்மா உங்களுடைய தட்டில் வடை அடுக்கினார். நீல ஓரமும் நடுவில் தேய்ந்துபோன சிவப்புப் பூவும் உள்ள அதே தட்டு. உங்கள் முப்பத்தோராம் நாள் படையலுக்கு உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்ததில், வீட்டிலிருந்த தட்டெல்லாம் நிரம்பி, தட்டுக்கே தட்டுப்பாடு. நான் மாடியால் இறங்கி வந்தபோது அந்தச் சிவப்புப் பூ ஒரு உழுந்து வடையின் ஓட்டைக்குள்ளால் என்னை எட்டிப் பார்த்தது.

“அம்மா! அதில வைக்காதேங்கோ!”

“ஏன், அதுக்கென்ன? வடிவான தட்டு.”

“அது எங்கட தட்டில்லை.”

அம்மாவின் கை அப்படியே நின்றது. பிறகு வடைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாழையிலையில் வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “கொண்டுபோய்க் குடுக்க வேண்டியவரே போய்ச் சேந்திட்டார். இனி ஆரடி குடுக்கிறது?”

நான் வாய்க்கு வாய் காட்டுகிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். இதற்கு மட்டும் எனக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். இருந்த காலத்திலும் நீங்கள் கண்டுகொண்டதில்லை.

அந்தத் தட்டுக்கு ஒரு கதை இருப்பது, உங்களுக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வந்த அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. முதல் பயணம் எங்கே என்று வீடே பிரிந்து நின்று சண்டை பிடித்தது. அம்மாவுக்கு இந்தியக் கோயில்கள். அப்பாவுக்குக் கனடாவில் இருக்கிற மச்சான் வீடு. நீங்கள் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, “இஸ்தான்புல்” என்றீர்கள்.

“அங்க எங்கட ஆர் இருக்கினம்?” என்றார் அம்மா.

“ஒரு அக்கா இருக்கிறா. மேல்வீட்டு அக்கா.”

அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவர் கொண்டுவந்த கலியாணப் பேச்சையெல்லாம் வருடக்கணக்காகத் தட்டிக்கழித்த ஆள் நீங்கள். ஒளித்து வைத்த காதலி என்றே நானும் நினைத்துக் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன். நீங்களோ அறைக்குள் போய், துவாயில் சுற்றிய ஒரு தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தீர்கள்.

எண்பத்தாறில் ஏஜென்ட் உங்களையும் இன்னும் ஐந்து பெடியன்களையும் லண்டனுக்கு அனுப்புகிறேன் என்று இஸ்தான்புல்லில் ஒரு அறைக்குள் பூட்டி வைத்திருந்த கதையை அன்றுதான் சொன்னீர்கள். சன்னலுக்குத் திரை, திரையை விலக்கினால் பொலிஸ். அந்த ஊரில் மேல்மாடிச் சனம் கீழே இறங்கி வருவதில்லை, கூடையைக் கயிற்றில் கட்டி இறக்கிவிடும், தெருவில் பாண் விற்கிறவன் அதில் வைத்துவிடுவான். உங்களுக்கு மேலேயிருந்த வீட்டுக் கூடை ஒரு சின்ன மணியோடு உங்கள் சன்னலைத் தாண்டித்தான் போய்வரும். ஏஜென்டின் ஆள் சாப்பாடு கொண்டுவராத ஒரு நாள், திரைக்கு வெளியே கையைவிட்டு, மேலே போய்க்கொண்டிருந்த கூடையிலிருந்து ஒரு எள்ளுப் பாண் வளையத்தை நீங்கள் தட்டியெடுத்தீர்கள்.

கூடை நின்றது. பொலிஸ் வரப்போகிறது என்று ஒருவர் சப்பாத்தைக்கூடப் போட்டுவிட்டாராம். கூடை மேலே போனது. கொஞ்ச நேரத்தில் மணி திரும்பவும் கேட்டது. கூடை இறங்கி வந்து, உங்கள் சன்னலுக்கு நேரே நின்று, நகராமல் நின்றது. உள்ளே இந்தத் தட்டு. தட்டு நிறைய வெண்ணிறப் பாற்கட்டியும் ஒலிவ் காயும் பாணும்.

“அண்ணி, வெறுந்தட்டைத் திருப்பிக் குடுக்க ஏலுமே?” என்று நீங்கள் அம்மாவைக் கேட்டீர்கள். அம்மா தன்னை அறியாமலே “ஏலாது” என்றார். எங்கள் வீட்டில் அது சட்டம். பக்கத்து வீட்டுப் பாத்திரம் திரும்பிப் போகும்போது ஒரு பிடி சீனியாவது அதில் இருக்கும். ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் விமானச் சாப்பாடு கட்டும் கிச்சனில் வேலை செய்துவிட்டு வந்து, “உலகமெல்லாம் சுத்தின தட்டுகள், எல்லாத்தையும் வெறுமையாத் திருப்பி அனுப்புறாங்கள்” என்று நீங்கள் நொந்துகொள்வதும் அதனால்தானே.

அந்த அறையில் முதலில் கையில் அகப்பட்டதோ ஒருவரின் தாய் கட்டிக்கொடுத்த மிளகாய்த்தூள் பைதான். ஒரு காகிதச் சரையில் தூளைச் சுற்றித் தட்டில் வைத்துக் கயிற்றை இழுத்துச் சைகை காட்டினீர்கள். அடுத்த நாள் தட்டு நிறைந்து வந்தது. அப்புறம் பனங்கட்டி போனது. அவித்த அவரை வந்தது. கராம்பு போனது. இலையில் சுற்றிய சோறு வந்தது. பிறகு புதுக் கைலேஞ்சி, சவர்க்காரம் என்று ஆறு பேருடைய பைகளும் மெலிந்துகொண்டே வர, தட்டு மட்டும் நிறைந்துகொண்டே வந்தது. மேல்வீட்டு அக்காவை ஆறு பேரும் கும்பிடாத குறை. மன்னார்ப் பெடியன் ஒருவர், கட்டினால் இப்படி ஒரு மனம் உள்ளவளைத்தான் கட்டுவேன் என்று சத்தியமே செய்தாராம். ஒருவரும் அவவின் முகத்தைப் பார்த்ததில்லை. பிறகு ஒரு விடியலில் ஏஜென்டின் ஆள் ஓடிவந்து “வெளிக்கிடு, வெளிக்கிடு” என்று தள்ளிக்கொண்டு போனபோது, தட்டு உங்கள் பைக்குள் இருந்தது.

“அவ என்ன நினைச்சிருப்பா?” என்றீர்கள். “சாப்பாடும் போட்டு, தட்டையும் களவு குடுத்தனெண்டு நினைச்சிருப்பா. நான் குடுத்திட்டு வரவேணும், அண்ணி. வெறுமையா இல்லை.”

அதற்குப் பிறகு அம்மா பணியாரத்துக்குப் பயறு வறுக்கத் தொடங்கினார். நெஞ்சு வருத்தத்துக்கு மருந்து குடிக்கிற ஆளைத் தனியே அனுப்ப ஏலாது என்று என்னையும் கூட அனுப்பினார். நானும் எனக்குத் துருக்கி மொழி தெரியும் என்று சத்தியம் பண்ணியிருந்தேன். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருக்கும் துருக்கிப் பிள்ளையிடம் மூன்று சொல் படித்திருந்தேன். அதில் ஒன்று கெட்ட வார்த்தை என்பது அங்கே ஒரு கடைக்காரரின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. வெஸ்ட் ஈலிங் கோயிலில் துர்க்கையைக் கும்பிட்டுவிட்டுத் துருக்கிக்குப் போனோம்.

இஸ்தான்புல் விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் உங்கள் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். அவர் முத்திரையைக் குத்தி, சிரித்து, போ என்று கை காட்டினார். நீங்கள் போகவில்லை. “அவ்வளவுதானா எண்டு கேள் பிள்ளை” என்றீர்கள். பின்னால் வரிசையே தள்ளியது.

ஊர் பார்க்க வந்த சனத்தில் கண்ணை மூடிக்கொண்டு நடந்த ஒரே ஆள் நீங்கள்தான். உங்களுக்கு அந்த ஊர் காதால்தான் தெரியும். ஒரு பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைப்பார்கள், அது முடியமுதல் இன்னொன்று தொடங்கும், ஞாயிறில் தேவாலய மணி, இடையிடையே கப்பல் ஊதும். இவ்வளவுதான் உங்களிடமிருந்த விலாசம். தெருவுக்குத் தெரு கண்ணை மூடி நின்று கேட்டீர்கள். நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். அப்படி ஒரு ஆள் கையில் அகப்பட்டால் நான் சும்மா விடுவேனா?

“சித்தப்பா, பள்ளம். பாயுங்கோ.” பாய்ந்தீர்கள். பள்ளம் இல்லை.

“தலையைக் குனியுங்கோ, மரக்கொப்பு.” குனிந்தீர்கள். மரமே இல்லை. ஒரு ஜப்பான் குடும்பம் எங்களைப் படம் பிடித்தது.

“எங்கயடி கூட்டிக்கொண்டு போறாய்?”

“ஆயா வீட்டுக்கு.”

அயாசோஃபியா என்ற அந்தப் பழைய பெரிய தேவாலயத்துக்குள் கூட்டிப்போய், நடு மண்டபத்தில் உங்களை நிறுத்தி, முகத்தை மேலே திருப்பி, “இப்ப திறவுங்கோ” என்றேன். உங்கள் வாய் பிளப்பதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பதுதான் என் திட்டம். ஆனால் உங்கள் முகத்தைப் பார்க்கமுதல் நானும் மேலே பார்த்துவிட்டேன். என்னுடைய வாயும் பிளந்துதான் கிடந்தது. ஒரு பக்கம் திருத்தவேலைக்கான இரும்புச் சாரம் கூரைவரை ஏறியிருந்தது. அதன் உச்சியில் நின்ற மனிதர்கள் எறும்பளவு. அதற்கும் மேலே, சன்னல் வளையத்தால் வெளிச்சம் உள்ளே வர, அந்தப் பொன்னிறக் கவிகைக் கூரை ஒன்றிலும் முட்டாமல் நின்றது. தூண் எங்கே என்று தேடினேன். வானத்தைக் கழுவி உள்ளே காயப் போட்ட மாதிரி இருந்தது.

நீங்கள் மேலே பார்த்தபடியே சொன்னீர்கள்: “அந்த அறையின்ர சீலிங்கில ஒரு ஈரக்கறை இருந்தது. இரவு பகலா அதைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தனான். இது ஒரு பஸ் தூரத்தில இருந்திருக்கு.”

நீங்கள் கோபத்தில் சொல்லவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பெருமையோடு சொன்னீர்கள், பக்கத்து வீட்டில் ஒரு பெரிய மனிதர் இருந்திருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டவரைப் போல.

பின்னேரம் பாலத்தடிக்குப் போனோம். அலையில் ஏறி இறங்கும் வள்ளத்தில் நின்றபடியே மீன் பொரித்து, பாணைப் பிளந்து, வெங்காயத்தோடு அதற்குள் வைத்துக் கரைக்கு நீட்டினார்கள். வாங்குகிறவர் அசையவில்லை, விற்கிறவர் ஊஞ்சல் ஆடுகிறார். அவர் மேலே வரும் நொடியில் பறிக்கவேண்டும். எனக்கு அது சாப்பாடு அல்ல, விளையாட்டு. நீங்கள் ஒரு கடி கடித்துவிட்டு அப்படியே நின்றீர்கள்.

“முள்ளோ, சித்தப்பா?”

“இல்லையடி. இந்த மணம். பின்னேரத்தில காத்து மாறினா இந்த மணம் வரும். நாங்கள் ஆறு பேரும் வெறும் பாணை இந்த மணத்தோட தொட்டுச் சாப்பிட்டனாங்கள்.” பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வெங்காயம்” என்றீர்கள். வெங்காயத்தை எனக்குத் தந்துவிட்டீர்கள் என்பதை நான் நினைவூட்டவில்லை. நானும் எப்போதாவது பேசாமல் இருப்பேன்.

இரண்டு பள்ளிவாசல், ஒரு தேவாலயம், கப்பல் என்று நாங்கள் சொன்னதைக் கேட்டு விடுதிக்காரர்தான் பாலாட் பக்கம் போகச் சொன்னார். உள்கடலின் கரையிலிருந்து செங்குத்தாக ஏறும் கல் தெருக்கள். வீட்டுக்கு வீடு கொடி கட்டித் தலைக்கு மேலே உடுப்புக் காய்ந்தது. படிக்கொரு பூனை. கடையொன்றில் ஊறுகாய்த் தண்ணீரைக் கிளாசில் ஊற்றிக் குடிக்கத் தந்தார்கள். குடித்தபோது என் காதுகள் இரண்டும் ஒன்றையொன்று சந்தித்தன. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஏறினீர்கள். அன்றைக்கு நான் பொய்ப் பள்ளம் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாத் தெருவும் ஒரே மாதிரி. எல்லாச் சன்னலிலும் கூடை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு படியில் இருந்துவிட்டீர்கள்.

“திரும்புவம் பிள்ளை. இது வைக்கோற்போரில ஊசி.”

தலையில் தட்டம் வைத்த எள்ளுப் பாண்காரர் ஒருவர் கூவிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். மேலே எங்கேயோ சன்னல் திறந்தது. சின்னதாக ஒரு மணி. கிணிங்.

நீங்கள் எழுந்து நின்றீர்கள். கண்கள் இன்னும் மூடியபடி, விரலை மட்டும் நேரே நீட்டினீர்கள்.

கூடை இறங்கி வந்துகொண்டிருந்தது, ஒரு திரை போட்ட சன்னலைத் தாண்டி. நான் கதவைத் தட்டலாம் என்றேன். நீங்கள் கேட்கவில்லை. பையைத் திறந்து, துவாயை விலக்கி, அம்மாவின் பயத்தம் பணியாரத்தைத் தட்டில் கோபுரமாக அடுக்கினீர்கள். பாண்காரர் வளையங்களை வைத்தார். அவற்றுக்குப் பக்கத்தில் நீங்கள் தட்டை வைத்தீர்கள். அவர் உங்களைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், தோளைக் குலுக்கிக்கொண்டு கயிற்றை ஆட்டினார்.

கூடை ஏறியது. திரைச் சன்னலடியில் போய் நின்றது. பாரம் கூடியதை மேலேயிருந்த கை உணர்ந்திருக்கவேண்டும். பிறகு மெதுவாக, மிக மெதுவாக ஏறி, மறைந்தது. நீங்கள் என் தோளைப் பிடித்த பிடி இன்னும் நோகிறது.

சன்னலில் முகம் வந்தது.

சித்தப்பா, அக்காவுக்கு மீசை.

சும்மா மீசையில்லை, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட, தும்புத்தடி மாதிரி வெள்ளை மீசை. வழுக்கைத் தலை. ஒரு கையில் தட்டு, மறு கையில் பாதி கடித்த பணியாரம். அவர் உங்களைப் பார்த்து, வாயில் மாவோடு என்னவோ கத்தினார். நீங்கள் தெருவிலேயே குந்தியிருந்து சிரித்தீர்கள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்பதை நான் பக்கத்தில் இருந்தும் கண்டுபிடிக்கவில்லை.

“மன்னார்க்காரனுக்கு ஆர் சொல்லுறது, பிள்ளை?” என்று மட்டும் மூச்சுக்கு நடுவில் கேட்டீர்கள்.

அவர் எங்களை மேலே கூப்பிட்டார். பயணிக் கப்பலில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், நீங்கள் அந்த அறைக்கு வரமுதலே மனைவியை இழந்தவர். கப்பல் இங்கிலீஷும் இரண்டு கையும் சேர்ந்து அவருடைய மொழி. தக்காளியில் முட்டையை உடைத்துக் கலக்கி, சட்டியோடு மேசையில் வைத்தார். ஒலிவ், பாற்கட்டி, இடுப்பு ஒடுங்கிய சின்னக் கிளாசில் சிவப்புத் தேத்தண்ணி. சட்டியைத் துடைக்கப் பாணைப் பிய்த்து எங்கள் கையில் தந்தார். “அஃபியெத் ஓல்சுன்” என்றார். உண்டது உடம்பில் சேரட்டும் என்று அர்த்தம். அந்தச் சொல் மட்டும் எனக்குத் தெரிந்த மூன்றில் ஒன்று.

அந்த முதல் நாள் ஏன் பொலிஸைக் கூப்பிடவில்லை என்று கேட்கச் சொன்னீர்கள். அவர் தூண்டில் பிடிப்பதைப் போல விரலை வைத்துக் காட்டினார். கயிறு ஒரு தரம் சுண்டியதாம். மீன் கடித்தால் அப்படித்தான் இருக்குமாம். கீழே பசியுள்ள மீன் இருக்கிறது என்று நினைத்தாராம்.

மிளகாய்த்தூளைப் பற்றிக் கேட்டதும் எழுந்து நின்று, தொண்டையைப் பிடித்து, மேசையைச் சுற்றி ஓடிக் காட்டினார். அதற்குப் பிறகு அவர் சொன்னதைத்தான் நீங்கள் சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். ஒரு நாளோடு நிறுத்திவிடலாம் என்றுதான் அவரும் இருந்தாராம். ஆனால் தட்டு வெறுமையாக வரவில்லையே! நிறைந்து வந்த தட்டை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் கூடாது, வெறுமையாக அனுப்பவும் கூடாது என்பது அங்கேயும் சட்டம். மனைவி சாகும்போதுகூட அதைச் சொல்லித்தான் செத்தாராம். “நான் அனுப்ப நீ அனுப்ப, நான் அனுப்ப நீ அனுப்ப. ஐயோ, இந்தப் பெடியள் நிப்பாட்டமாட்டாங்களா என்று கும்பிட்டேன்” என்று தலையில் கை வைத்துக் காட்டினார். கீழே நீங்கள் கும்பிட்டதும் அதையேதான்.

பிறகு உங்களைச் சன்னலுக்குக் கூட்டிப்போய்க் கயிற்றைக் கையில் தந்தார். நீங்கள் வெறுங்கூடையை இறக்கினீர்கள். திரைச் சன்னலைத் தாண்டும்போது ஒரு கணம் நிறுத்தினீர்கள். அப்போதுதான் நிமிர்ந்து வெளியே பார்த்தோம். கூரைகள் படிப்படியாகக் கடலுக்கு இறங்க, அக்கரையில் ஒரு கோபுரம், இக்கரை மேடுகளில் கவிகைக்குப் பின்னால் கவிகை, ஊசி ஊசியாகத் தூபிகள், நடுவில் வெள்ளைக் கப்பல் ஒன்று கோடு கிழித்துக்கொண்டு போனது. எல்லாப் பள்ளிவாசலும் ஒன்றின்மேல் ஒன்றாக அழைக்கத் தொடங்கின. நீங்கள் கண்ணை மூடவில்லை.

“எல்லாம் இங்கதான் இருந்திருக்கு” என்றீர்கள். “ஒரு துணிக்கு அங்கால.”

லண்டனுக்கு வந்து இறங்கியதும் அம்மா முதலில் கேட்டது, “குடுத்தாச்சோ?” நீங்கள் தலையைச் சொறிந்துகொண்டு பையைத் திறந்தீர்கள். நாங்கள் வெளிக்கிட்ட காலையில் அவர் விடுதிக்கே வந்து, இலையில் சுற்றிய சோற்றை அதே தட்டில் அடுக்கித் தந்துவிட்டுப் போயிருந்தார்.

“தட்டைக் குடுக்கப் போனவை தட்டோடயே வந்திருக்கினம்!” என்று அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“மீசைக்கார அக்கா விடேல்லை, அண்ணி. இன்னொருக்காப் போகவேணும்.”

போகவேணும், போகவேணும் என்று மூன்று வருடம். ஷிப்ட், நெஞ்சு வருத்தம், வீட்டுத் திருத்தம். அதற்கிடையில் நான் மாடியில் என் அறைச் சன்னலிலிருந்து கீழே உங்கள் அறைச் சன்னலுக்கு உடுப்புக் கயிற்றில் ஒரு சிவப்பு வாளி கட்டினேன். படியிருக்கும்போது இது என்ன கூத்து என்று அம்மா கத்தினார். நான் அனுப்பியது அலாரம் அடிக்கும் மணிக்கூடு, பிளாஸ்டிக் கரப்பான், உப்புப் போட்ட தேத்தண்ணி. நீங்கள் திருப்பி அனுப்பியது சொக்லட், விமான நிறுவனத்துச் சின்ன ஜாம் போத்தல், ஒருமுறை நான் அனுப்பிய அதே கரப்பான், கழுத்தில் ரிப்பன் கட்டி. வாளி ஒருநாளும் வெறுமையாக ஏறியதில்லை.

இன்று படையல் முடிந்து எல்லோரும் போனபிறகு, ஏனென்று தெரியாமல் வாளிக்குள் ஒரு எள்ளுப் பாண் துண்டை வைத்து இறக்கினேன். உங்கள் சன்னல் திறந்திருந்தது. வாளி அங்கே நின்றது. நான் முட்டாள் என்று எனக்கே தெரிந்தது. மேலே இழுக்கப் போனேன்.

கயிறு சுண்டியது.

இழுத்துப் பார்த்தபோது பாண் இல்லை. இரண்டு உழுந்து வடை இருந்தது. கீழே உங்கள் அறையில் உங்கள் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் குரல் வந்தது. ஏச்சு இல்லை. “எடியே, பள்ளிக்கூட லீவு எப்ப விடுகுது? பயறு வறுக்கவேணும், முதலே சொல்லு.”

ஈஸ்டருக்கு என்றேன். தட்டைக் கழுவி, உங்கள் துவாயில் சுற்றி, என் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன், சித்தப்பா. அதைத் தூக்கிக்கொண்டு அந்த ஏற்றத்தில் நான்தான் ஏறப்போகிறேன். பாதித் தூரமாவது கண்ணை மூடிக்கொண்டு.